14 வயது கார், 10 வரி எஸ்டிமேட்: எதை முதலில் செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 14 வயதான பெட்ரோல் கார், மேனுவல் கியர். 62,000 கி.மீ. ஓடியிருந்தபோது பழைய வண்டியாக வாங்கினோம். இப்போது 1,42,000 ஆகிறது. சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. நிற்கும்போது ஏசியும் குளிர்வதில்லை. முன்பக்கம் இடது சக்கரத்தில் 'லொடக் லொடக்' என்று சத்தம். காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறது. இரண்டாயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், புது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், நான்கு ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் ரேக், முன் பிரேக் டிஸ்க்கும் பேடும், ஏசி கேஸ், புது பேட்டரி, கடைசியாக இன்ஜின் போர் வேலை (இன்ஜினைப் பிரித்து சிலிண்டர்களைக் கடைந்து புதுப்பிப்பது). எல்லாம் செய்தால் வண்டியின் விலையைத் தொட்டுவிடும் போலிருக்கிறது. எதைச் செய்வது, எதை விடுவது? விற்றுவிடலாமா?

பதில்: வணக்கம். பட்டியலில் இருக்கும் பத்தில் எத்தனை தேவை என்பதைவிட எனக்குப் பெரிய கவலை, அதில் இல்லாத ஒன்றைப் பற்றியது. டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டன்களும் வால்வுகளும் ஒத்து இயங்கும்படி இணைக்கும் ரப்பர் பெல்ட். நீங்கள் வாங்கி 80,000 கி.மீ. ஓட்டியிருக்கிறீர்கள். இதுவரை யாராவது பெல்ட்டை மாற்றினார்களா? அதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஹீட் பிரச்சினை. நீங்கள் எழுதிய அடையாளங்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் மட்டும் சூடு ஏறினால் ரேடியேட்டர் மேல் சந்தேகம் குறைவு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் மேட்டில் ஏறும்போதும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதும்தான் முள் ஏறும், உங்களுக்கு நடப்பதற்கு நேர்மாறாக. நின்றால் ஏசி குளிர்வதில்லை என்கிறீர்களே, அதுவும் இதே கதைதான். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது, பெரும்பாலான வண்டிகளில் இரண்டுக்கும் காற்று இழுப்பது அதே ஃபேன்தான். ஆக, புது ரேடியேட்டர், ஏசி கேஸ் என்று இரண்டு வரிகளாக எழுதியிருப்பது ஒரே ஃபேன் கோளாறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சோதிப்பது எளிது. வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் விட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சில விநாடிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்). அதே ஃப்யூஸ் பெட்டியில் ஹார்னுக்கோ வேறு எதற்கோ அதே எண்ணுள்ள ரிலே பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தால் ரிலே கெட்டதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். அதுவும் இல்லை என்றால் ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு வயரிங்கிலோ சென்சாரிலோ எர்த்திலோ. சுற்றாவிட்டால் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். தள்ளிவிட்டால் சுற்றி, தானாகக் கிளம்பாத ஃபேனும் அப்படித்தான். ஆனால் ஓடும் இன்ஜினில் அந்தச் சோதனையை விரலால் செய்துவிடாதீர்கள், எந்த நொடியிலும் முழு வேகத்தில் கிளம்பும். சில வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம். மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் மட்டும் எரிந்துபோயிருந்தால், சூடு எல்லை மீறிய பிறகுதான் ஃபேன் சீறிக்கொண்டு ஓடும்.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றினால், ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பாருங்கள். பல ஆண்டு தூசியும் பூச்சியும் அங்கே கம்பளிபோல் படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் கன்னை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும். அதோடு ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மிக மலிவான பாகம் என்பதாலேயே யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும் சேர்ந்து சுமார் 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், மேலே எழுதியிருக்கும் அழுத்த எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அது போயிருந்தால் மற்ற எல்லாக் கணக்கும் மாறிவிடும். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற கசடு, எக்ஸாஸ்டில் இனிப்பு வாடையோடு விடாத வெள்ளைப் புகை, காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் விறைப்பது, கூலண்ட் டேங்கில் இடைவிடாத குமிழி ஆகியவை அதன் அடையாளங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்கசடு இருந்தால் அது வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம், பயந்துவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கூலண்டில் இன்ஜினுக்குள் எரிந்த வாயு கலக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனையைக் கேளுங்கள்; கலந்தால் திரவம் மஞ்சளாக மாறும். இன்ஜினைப் பிரிக்காமலே தெரிந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். பல கார்களில் டெம்பரேச்சர் முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. 80 முதல் 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் நடுவில் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே முள் கண்ணுக்குத் தெரிய ஏறுகிறது என்றாலே சூடு ஏற்கெனவே எல்லையை நெருங்கிவிட்டது. அப்படி ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் வையுங்கள். அது இன்னொரு சிறு ரேடியேட்டர்போல் வேலை செய்யும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியில் கை வைக்கக் கூடாது. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, ஒரு ரிலேயோடு முடிய வேண்டியது ஹெட்டைக் கழற்றும் வேலையில் போய் நிற்கும்.

இப்போது டைமிங் பெல்ட். முதலில் கையேட்டைத் திறந்து உங்கள் இன்ஜினுக்குப் பெல்ட்டா செயினா என்று பாருங்கள். செயின் என்றால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் கரகரவென்ற ஓசை இல்லாதவரை ஆயிலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் போதும். பெல்ட் என்றால் பொதுவாக 60,000 முதல் 1,00,000 கி.மீ., அல்லது 5 முதல் 7 ஆண்டு, எது முந்துகிறதோ அது. உங்கள் இன்ஜினுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்த கணமே பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். அறுவதற்கு முன் சத்தமோ எச்சரிக்கையோ இருக்காது. மேல் கவரைத் திறந்து பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதில் பெரிதாக அர்த்தமில்லை. ரப்பருக்குள் இருக்கும் நூலிழை சோர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

வாட்டர் பம்ப் வரியை இங்கேதான் சேர்க்க வேண்டும். உங்கள் இன்ஜினில் பம்பை டைமிங் பெல்ட்டே ஓட்டுகிறது என்றால், பெல்ட்டோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள், இப்போது ஒழுகாவிட்டாலும். பம்புக்காகத் தனியாக வந்தால் கழற்றி மாட்டும் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வழிநடத்தும் உருளையான ஐட்லர், பம்ப் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். கேம், கிராங்க் ஆயில் சீல்கள் கசிந்தால் அதே நேரத்தில் போட்டுவிட வேண்டும், ஆயில் பட்ட பெல்ட் நீடிக்காது. பம்பைக் கழற்றும்போது கூலண்ட் எப்படியும் வடிந்துவிடும். புதியதை ஊற்றும்போது கையேட்டில் சொன்ன வகையை, டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டரை நிஜமாகவே அடைக்கும். தெர்மோஸ்டாட்டும் அந்த நேரத்தில் மாற்றத்தக்க சிறு பாகம். கடைசியில் காற்றை முழுமையாக வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். புதுக் கூலண்ட் ஊற்றிய வண்டி மறுநாளே ஹீட் ஆனால் பெரும்பாலும் உள்ளே தங்கிய காற்றுதான் காரணம். பம்ப் வெளியே தனி பெல்ட்டில் ஓடும் வகையாக இருந்து, அடியிலுள்ள சிறு துளையில் ஒழுக்கும் தண்டில் ஆட்டமும் இல்லையென்றால் அதைத் தொட வேண்டாம்.

'லொடக்' சத்தத்துக்கு ஷாக் நான்கும் ரேக்கும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் விடை அதில்தான் இருக்கிறது. சிறுசிறு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது வந்தால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு). சிறிய பாகம், கூலியும் குறைவு. பிரேக் பிடிக்கும் நொடியில் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு). நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவதுபோல் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் (முன் ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் பாகம்). முழுவதும் ஒடித்தபடி நகரும்போது 'டக் டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயிண்ட். இதில் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்த உடனே பார்த்து பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றியிருந்தால் ஆக்சில் தப்பித்திருக்கும்.

பட்டறையில் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். 9, 3 மணி இடங்களில் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். ரேக் எண்ட் தனியாகக் கிடைக்கும்போது மொத்த ரேக்கையும் மாற்றச் சொல்வது அடிக்கடி நடக்கும் வீண் செலவு. ரேக்கிலிருந்தே ஆயில் கசிந்தாலோ, நடுவில் ஆட்டம் இருந்தாலோதான் அது மாற்ற வேண்டியது. லிங்க்தானா என்று உறுதிசெய்ய, இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு பட்டறை வாசலில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் நின்றால் வேலை முடிந்தது. ஷாக்கைப் பொறுத்தவரை, உடம்பில் ஆயில் வழிந்திருந்தாலோ, பள்ளத்துக்குப் பிறகும் வண்டி மூன்று நான்கு முறை குதித்தாலோ, டயரில் குழிகுழியாகத் தேய்மானம் தெரிந்தாலோ மாற்றுங்கள். முன்பக்கம் போனால் முன் இரண்டும், பின்பக்கம் போனால் பின் இரண்டும். நான்கும் ஒரே நாளில் சாவதில்லை.

லோயர் ஆர்ம் புஷ் மாற்ற நேர்ந்தால் மெக்கானிக்கிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: புஷ் போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும் நிலையில்தான். தூக்கித் தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். பாகம் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். டை ராட், ஆர்ம் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், ஆனால் அளக்காமல் மாற்றவும் விடாதீர்கள். பேடில் உராயும் பகுதி 3 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும். டிஸ்க்குக்கு எவ்வளவு கனம் குறைந்தபட்சம் வேண்டும் என்பது டிஸ்க்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும், அதோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சக்கரத்தில் உள் பேட் கரைந்து வெளிப் பேட் அப்படியே இருந்தால் பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் (அது நகர்வதற்கான ஊசித் தண்டு) இறுகியிருக்கிறது. அதைக் கழற்றித் துடைத்து பிரேக்குக்கான கிரீஸ் போடாமல் புது பேட் மட்டும் மாற்றினால் அதுவும் அப்படியே கரையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று உள்ளே போவது இதனால்தான். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், உங்கள் பட்டியலில் அதுவும் இல்லை.

போர் வேலையை அடித்துவிடுங்கள். 2,000 கி.மீ.க்கு அரை லிட்டர் என்பது இந்த வயதுக்குப் பயப்படும் அளவே அல்ல. மாதம் ஒருமுறை ஆயில் ஊற்றுவதற்கும் இன்ஜினைப் பிரிப்பதற்கும் செலவில் ஒப்பீடே கிடையாது. அதற்கு முன், இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் பிசிவி வால்வு என்ற சிறு பாகத்தைச் சோதியுங்கள். அது அடைத்துக்கொண்டால் அல்லது திறந்தபடி நின்றுவிட்டால் இன்ஜின் ஆயிலைத் தானே உறிஞ்சி எரிக்கும். இரவெல்லாம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்தால் வால்வு சீல், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் தேய்மானம். போர் வேலைக்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எண்களை எழுதி வாங்குங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக உயர்ந்ததன் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் இன்ஜினைத் திறக்க அவசரமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, 1,000 கி.மீ.க்கு ஒருமுறை காலையில், சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர். பழைய இன்ஜின்கள் ஆயில் குடிப்பதால் சாவதைவிட, குடிப்பதை யாரும் கவனிக்காததால் சாவதே அதிகம்.

இன்ஜின் ஃப்ளஷும் வேண்டாம். நாள்பட்ட கசடு மொத்தமாகக் கழன்று அடியிலுள்ள ஆயில் வடிகட்டி வலையை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது. சுத்தம் செய்ய விரும்பினால் அடுத்த இரண்டு ஆயில் மாற்றத்தை 5,000 கி.மீ.யிலேயே, புது ஃபில்டரோடு செய்யுங்கள், கசடு மெதுவாகக் கரைந்து வெளியேறும். இன்ஜெக்டர் கிளீனிங்கும் அப்படித்தான்: மிஸ்ஃபயரோ, இழுவைக் குறைவோ, மைலேஜ் வீழ்ச்சியோ நீங்கள் சொல்லவே இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

காலையில் ஸ்டார்ட் தயங்குவதற்குப் புது பேட்டரியா என்று கேட்டால், ஒரு மல்டிமீட்டர் சொல்லும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். இவை சரியாக இருந்தும் சுற்றல் மந்தம் என்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினால் தீரும்.

பாகம் வாங்குவதில் என் அளவுகோல் இது: உயிரைத் தாங்குவதும், உடைந்தால் இன்ஜினைக் கெடுப்பதும் நல்ல தரத்தில் புதிதாக இருக்க வேண்டும். பிரேக், டை ராட், பால் ஜாயிண்ட், டைமிங் கிட் எல்லாம் அதில் சேரும். கார் கம்பெனியின் பெட்டியிலேயே வர வேண்டும் என்றில்லை. அந்தக் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வருவது பெரும்பாலும் விலை குறைவு, தரமும் குறையாது. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, ஹெட்லைட், சீட் போன்றவற்றைப் பழைய வண்டிகளிலிருந்து தாராளமாக எடுக்கலாம். ரப்பர், டயர், ஏர்பேக் ஒருபோதும் பழையது கூடாது. டயர் புதிதா என்பதை அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தில் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

விற்கலாமா என்ற கேள்விக்கு, வண்டியின் சந்தை விலையோடு செலவை ஒப்பிடுவது தவறான கணக்கு. வண்டியை மாற்றினால் ஓராண்டுக்குத் தவணை, காப்பீடு, முதல் ஆண்டு விலைச் சரிவு எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும், அதோடு ஒப்பிடுங்கள். நான் மேலே சொன்னதில் கட்டாயம் என்று நிற்பவை ஃபேன் பழுது, டைமிங் கிட்டும் கூலண்டும், முன்பக்கச் சத்தத்துக்கு உரிய ஒரு பாகம், பிரேக் ஆயில், அளவு சொன்னால் பேட். இவ்வளவுக்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. ஆனால் லிஃப்டில் ஏற்றியிருக்கும்போது அடிப்பாகத்தைப் பாருங்கள். சப்ஃபிரேம் (இன்ஜினையும் முன்சக்கரப் பாகங்களையும் தாங்கும் சட்டம்) மாட்டும் இடம், லோயர் ஆர்ம் பொருந்தும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும் அளவு துரு இருந்தால், மேலே சொன்ன எதற்கும் செலவு செய்யாமல் விட்டுவிடுங்கள். இன்ஜினைக் காப்பாற்றலாம், கூடு போனால் முடிந்தது. கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகளை ஆண்டுக்கு ஒருமுறை குச்சியால் குத்திவிட்டாலே இந்த நோய் பாதி தள்ளிப்போகும்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: 'நின்றால் மட்டும் ஹீட், ஃபேன் சோதிக்கவும். இடது முன்பக்கச் சத்தம், எந்தப் பாகம் என்று காட்டிய பிறகே மாற்றவும். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்.' சோதனைக்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். டைமிங் வேலை முடிந்து வந்த மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலண்ட் டேங்கின் அளவைப் பாருங்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறி ஒருமுறை கொஞ்சம் குறைவது இயல்பு, ஊற்றி நிரப்பிவிடலாம். ஒரு வாரத்தில் மறுபடி குறைந்தால் ஒழுகும் இடத்தைத் தேடிவிட்டு, அப்போது எனக்கு எழுதுங்கள், எத்தனை கி.மீ.யில் எவ்வளவு குறைந்தது என்ற எண்ணோடு.